ஐபிஎல் தண்டனை ஆள் பாத்து குடுக்குறாங்களா? தோனிக்கு ஃபைன், ஆம்ரேக்கு தடை

கொட்டகலை_கவர்டிரைவ்:
ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். ஐபிஎல்ல டீம் பாத்து ஆள் பாத்து தண்டனை குடுக்குறாங்கன்னு நம்ம பக்கம் எல்லாரும் சொல்றாங்க, சும்மா வாயில சொல்லாம ரெண்டு மேட்ச்ச பக்கத்துல பக்கத்துல வச்சு பாப்போமே.

2019 ஏப்ரல் 11, ஜெய்ப்பூர். ராஜஸ்தானோட மேட்ச், சிஎஸ்கே சேஸிங், கடைசி ஓவர் ஸ்டோக்ஸ் போடுறாரு. தோனி 58 அடிச்சு அவுட்டாகி டக்அவுட்டுக்கு போயிட்டாரு. அடுத்த பந்து சான்ட்னருக்கு ஃபுல்டாஸ், பவுலர் பக்கத்து அம்பயர் நோபாலுக்கு கைய தூக்குறாரு, லெக் அம்பயர் இல்லேன்னுட்டாரு. தோனி வெளியருந்து நேரா கிரவுண்டுக்குள்ள நடந்து வந்து அம்பயரோட கை நீட்டி பேசிட்டு போனாரு. லெவல் 2 குத்தம், அதாவது லேசான லெவல் 1க்கு மேல உள்ளது, மேட்ச் ஃபீல 50 வீதம் ஃபைன், அவ்வளவுதான். அடுத்த மேட்ச்சுக்கு ஒரு தடையும் இல்ல.

2022 ஏப்ரல் 22, வான்கடே. டெல்லிக்கு கடைசி ஓவர்ல 36 வேணும், பவல் முதல் மூணு பந்தும் சிக்ஸ், மூணாவது பந்து இடுப்புக்கு மேல, நோபால்னு டெல்லி கத்துறாங்க, அம்பயர் கேக்கல. டெல்லி கேப்டன் பண்ட் எல்லைக் கோட்டுல நின்னு பேட்ஸ்மேன்கள வெளிய வான்னு கூப்பிடுறாரு, அசிஸ்டன்ட் கோச் பிரவீன் ஆம்ரே உள்ள போறாரு. பண்டுக்கு 100 வீதம், டெல்லி ஆட்டக்காரர் ஷர்துலுக்கு 50, ஆம்ரேக்கு 100 வீதமும் ஒரு மேட்ச் தடையும். இதுவும் லெவல் 2தான்.

ரெண்டுலயும் கதை ஒண்ணுதான், நோபால் பிரச்சினைக்கு வெளிய இருந்த ஆளு உள்ள போனாரு. ஏன் ஒருத்தருக்கு தடை, ஒருத்தருக்கு இல்ல? யாராச்சும் ரூல்புக்க வச்சு பதில் சொல்லுங்க, ஃபேன் சண்டை வேணாம்.

மஞ்சள்_மஸ்கெலியா:
ஆரம்பிச்சிட்டாங்கய்யா. ஃபேன் சண்டை வேணாம்னு சொல்லிக்கிட்டே தலய இழுத்துட்டு வர்றது. சிஎஸ்கேக்கு சலுகைன்னு சொல்றவங்க எல்லாம் 2016லயும் 2017லயும் எங்க இருந்தீங்க? ரெண்டு வருசம் டீமையே வெளிய போட்டாங்க மச்சான், விளையாடின ஒருத்தன் மேலயும் குத்தம் இல்ல, ஓனர் வீட்டு ஆளு பெட்டிங் கட்டினதுக்கு மொத்த டீமும் வீட்டுல உக்காந்துச்சு. தோனி புனே ஜெர்சி போட்டுட்டு நின்னத பாத்து எங்க தோட்டத்து லயத்துல ஒருத்தரும் அந்த வருசம் ஒழுங்கா மேட்ச் பாக்கல. இதுக்கு மேல என்ன தண்டனை வேணும் உங்களுக்கு?

நானுஓயா_நாட்அவுட்:
புனே ஜெர்சி 😭 அத ஏன் ஞாபகப்படுத்துற

பொகவந்தலாவ_ஸ்கோரர்:
மஸ்கெலியா தம்பி, அந்த உதாரணம் உங்க பக்கம் நிக்காது, நல்லா பாத்தா எதிர்ப்பக்கம்தான் போகுது. 2013ல அந்த பெட்டிங் பிரச்சினை வந்தப்ப கிரிக்கெட் போர்டே ரெண்டு ரிட்டயர்ட் ஜட்ஜ் வச்சு ஒரு கமிட்டி போட்டுச்சு, அந்தக் கமிட்டி ஜூலை மாசம் ஒரு தப்பும் இல்லன்னு சொல்லி முடிச்சிருச்சு. போர்டு தலைவர் ஸ்ரீனிவாசன், சிஎஸ்கே ஓனர் கம்பனி இந்தியா சிமெண்ட்ஸும் அவரோடது, குத்தம் சாட்டப்பட்ட மெய்யப்பன் அவரு மருமகன். அந்தக் கமிட்டிய போட்டதே சட்டப்படி தப்புன்னு பம்பாய் ஹைகோர்ட் சொல்லிச்சு. அப்புறம் சுப்ரீம் கோர்ட் உள்ள வந்து விசாரிக்க முட்கல் கமிட்டி, 2015 ஜனவரி தீர்ப்பு, அதுக்கப்புறம் தண்டனைய முடிவு பண்ண லோதா கமிட்டி, அந்த ஜூலைலதான் சிஎஸ்கேயும் ராஜஸ்தானும் ரெண்டு வருசம் சஸ்பெண்ட்.

அதாவது லீக்கே விசாரிச்சப்ப ஒண்ணும் இல்லன்னு வந்துச்சு, வெளியாள் விசாரிச்சப்பதான் தண்டனை வந்துச்சு. சிஎஸ்கேய லீக் தண்டிச்சிச்சுன்னு சொல்ல முடியாது, கோர்ட் வச்ச கமிட்டி தண்டிச்சிச்சு. ராஜஸ்தான் ஃபேன் ஒருத்தனும் இங்க இல்ல போல, அவங்களும் அதே ரெண்டு வருசம் உக்காந்தாங்க, அத யாரும் பேசுறதே இல்ல.

மஞ்சள்_மஸ்கெலியா:
சரிண்ணே அந்தக் கதை எனக்கும் தெரியும், ஆனா அனுபவிச்சது நாங்கதானே. தோனி விசயத்துக்கு வருவோம். அவரு கேப்டன். அம்பயர் கைய தூக்கிட்டு இறக்கினா கேப்டன் கேக்காம வேற யாரு கேக்குறது? ஆம்ரே கோச், அவருக்கு என்ன வேல உள்ள?

ஊவா_பொண்ணு:
கேப்டனா இருந்தாலும் அவுட்டாகி வெளிய போன ஆளு உள்ள வரக்கூடாது, அதனாலதானே 50 வீதம் போட்டாங்க. தல ஃபேன்ஸ் எல்லாத்துக்கும் ஒரு காரணம் வச்சிருப்பீங்க.

எனக்கு இதவிட உறுத்துறது சின்னப் பசங்க விசயம். 2024 மார்ச்ல கொல்கத்தாவோட ஹர்ஷித் ராணா, மயங்க் அகர்வாலுக்கு பறக்கும் முத்தம் குடுத்தான், 60 வீதம். ஏப்ரல் 29 டெல்லி பையன் போரலுக்கு வெளிய போன்னு சைகை, 100 வீதம் பிளஸ் ஒரு மேட்ச் தடை. சரி, திமிர், தண்டிக்கட்டும். ஆனா அதுக்கு முந்தின வருசம் கோலி என்ன பண்ணாரு? 2023 ஏப்ரல் 17 சிஎஸ்கே மேட்ச்சுக்கு 10 வீதம், ரெண்டு வாரத்துல மே 1 லக்னோவுல அப்ப அந்த டீம் ஆலோசகரா இருந்த கம்பீரோட முகத்துக்கு முகம் நின்னதுக்கு 100 வீதம். ரெண்டாவது தடவதானே? தடை எங்க? அந்த 10 வீதம் எதுக்குன்னு கூட அறிக்கையில தெளிவா இல்ல, டூபே விக்கெட்டுக்கு துள்ளினதுக்கா இருக்கும்னு நாமளே ஊகிச்சுக்கிட்டோம்.

2025ல திக்வேஷ் ராதி, லக்னோ 30 லட்சத்துக்கு எடுத்த பையன், விக்கெட் எடுத்தா கையில கணக்கு எழுதுற மாதிரி ஒரு நடிப்பு. முதல் தடவ 25 வீதம், மூணு நாள்ல திருப்பி பண்ணான் 50 வீதம், மே மாசம் அபிஷேக் ஷர்மாவோட மோதினதுக்கு இன்னொரு 50, ஒவ்வொரு குத்தத்துக்கும் சேர்ற டிமெரிட் பாயிண்ட் 5 ஆனதால ஒரு மேட்ச் வெளிய. நோட்புக்ல எழுதுறது அவ்வளவு பெரிய பாவமாங்க? கேமராக்காரன் அதையே பத்து தடவ போட்டுக் காட்டி காசு பாத்தானே.

நானுஓயா_நாட்அவுட்:
கடைசி வரி நெத்தியடி அக்கா

பொகவந்தலாவ_ஸ்கோரர்:
தங்கச்சி சொல்றதுல ஒரு விசயம் சேத்துக்கணும். ராணா ரெண்டு தடவயும் ஒரே பிரிவுல மாட்டினான், அவுட்டான ஆள சீண்டுறது, அது ரூல்புக்ல பிரிவு 2.5. திருப்பி அதே பிரிவுன்னா தண்டனை ஏறும். கோலிக்கு ரெண்டும் வேற வேற பிரிவு. ராதிக்கும் முதல் ரெண்டு தடவ 2.5தான். ஆக காயிதத்துல பாத்தா பதில் இருக்கு. ஆனா லெவல் 1 லேசான குத்தம், லெவல் 2 அதவிட கனம்னு அவங்களே எழுதி வச்சுட்டு, லெவல் 1ல பையன் வெளிய உக்காந்தான், லெவல் 2ல பெரியவரு அடுத்த மேட்ச் ஆடினாருன்னா பாக்குறவனுக்கு எரியத்தான் செய்யும்.

இதுக்கு மறுபக்கம் ஒண்ணு சொல்றேன். ஓவர் மெதுவா போடுறதுக்கு 2024 வரைக்கும் ஒரு ரேட் இருந்துச்சு. முதல் தடவ கேப்டனுக்கு 12 லட்சம், ரெண்டாவது 24, மூணாவது 30 லட்சமும் ஒரு மேட்ச் தடையும். இதுல யாராச்சும் ஆள் பாத்தாங்கன்னு சொல்லுங்க பாப்போம்? 2021ல தோனிக்கே 12 லட்சம் விழுந்துச்சு. 2024ல பண்ட் மூணாவது தடவ மாட்டினாரு, டெல்லி ப்ளேஆஃப்க்கு முட்டிக்கிட்டு இருக்குற நேரம், அப்பீல் பண்ணாங்க, முறையீடு கேக்குற ஓம்புட்ஸ்மன் வரைக்கும் போச்சு, நடக்கல. ஆர்சிபி மேட்ச் அவரில்லாம ஆடி 47 ரன்ல தோத்தாங்க. மும்பை கேப்டன் ஹர்திக் அதே சீசன் கடைசி மேட்ச்ல மூணாவது தடவ, அதனால 2025 மும்பை - சென்னை முதல் மேட்ச்சே அவரு இல்லாம நடந்துச்சு. டிவிக்காரனுக்கு வருசத்துலயே பெரிய மேட்ச் அது. அப்பவும் விடல.

கொட்டகலை_கவர்டிரைவ்:
ஸ்கோரர் அண்ணே இதத்தான் நான் தேடிக்கிட்டிருந்தேன். ரேட் எழுதி வச்ச குத்தத்துல பாகுபாடுன்னு யாரும் கத்துறதில்ல. ஃபைன் கூடக் குறைய போடலாம், தடையும் போடலாம், தண்டனை குடுக்குற மேட்ச் ரெஃபரி இஷ்டம்னு விட்ட குத்தத்துலதான் எல்லாச் சண்டையும் வருது. தோனி - ஆம்ரே அதுல வருது, கோலி - ராணா அதுல வருது.

தேயிலைக் கொழுந்து நிறுக்குற எடத்துல நம்ம அம்மாமார் படுற பாடு மாதிரிதான் இது. சாக்குக்கு, ஈரத்துக்குன்னு கழிக்கிறாங்க, கழிக்கிறது தப்புன்னு யாரும் சொல்லல, மழ நாள்ல கொழுந்து நனைஞ்சுதான் இருக்கும். இவளுக்கு ரெண்டு கிலோ, அவளுக்கு நாலு கிலோன்னு தராசுக்காரன் வாயில வர்றதுதான் கணக்குன்னு ஆகுறப்பதான் கூடைய கீழ போட்டுட்டு சண்ட வருது. அந்தாளு நேர்மையாவே கழிச்சிருந்தாலும் நம்ப மாட்டாங்க, எப்படி நம்புவாங்க, கணக்கு அவன் மனசுக்குள்ள இருக்கு.

ஐபிஎல் அறிக்கைய படிச்சு பாருங்க, எல்லாம் ஒரே அச்சு. இன்னாரு இன்ன பிரிவ மீறினாரு, குத்தத்த ஒத்துக்கிட்டாரு, லெவல் 1க்கு மேட்ச் ரெஃபரி முடிவே இறுதி. முடிஞ்சு. ஏன் 25, ஏன் 60ன்னு ஒரு வரி இருக்காது.

மஞ்சள்_மஸ்கெலியா:
இது நியாயமான பேச்சு. ஆனா ஒண்ணு, அந்த ரேட்ட அவங்களே மாத்திட்டாங்க தெரியுமா? 2025 சீசன் தொடங்க ரெண்டு மூணு நாள் இருக்குறப்ப, ஓவர் ரேட்டுக்கு கேப்டன வெளிய போடுறதில்ல, டிமெரிட் பாயிண்ட் மட்டும்னு மாத்தினாங்க. ஹர்திக் உக்கார வேண்டிய மேட்ச்ச உக்காந்தாரு, அதோட சரி. எங்க டீமுக்கு சலுகைன்னு சொல்றீங்களே, எல்லா பெரிய தலைக்கும் சேத்து ஒரே சலுகைய குடுத்துட்டாங்க 😂

பொகவந்தலாவ_ஸ்கோரர்:
தடை ஒரேயடியா போகல, பாயிண்ட் சேந்தா வரும். ஆனா நீங்க சொல்றது சரி, பெரிய மேட்ச் ஒண்ணு அடி வாங்கப் போகுதுன்னு தெரிஞ்சப்புறம்தான் ரூல்ல கைய வச்சாங்க.

கொழும்புல_ஹட்டன்காரன்:
லேட்டா வந்துட்டேன். ஃபுட்பால் பாக்குறவங்க யாரும் இல்லையா? கொட்டகலை, காரணம் எழுதினா சண்ட நின்னுரும்னு நினைக்காதீங்க. இங்கிலீஷ் ப்ரீமியர் லீக்ல கமிஷன் போட்டு பக்கம் பக்கமா தீர்ப்பு எழுதி வெளியிடுறாங்க. மூணு வருசத்துல 105 மில்லியன் பவுண்டுக்கு மேல நட்டம் காட்டக்கூடாதுன்னு அப்ப ரூல், எவர்டன் 19.5 மில்லியன் கூட போனாங்க, 2023 நவம்பர்ல 10 பாயிண்ட் வெட்டு. நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் 34.5 மில்லியன் கூட, அவங்களுக்கு 4 பாயிண்ட். கூடப் போனவனுக்கு கம்மி வெட்டு! ஃபாரஸ்ட் ஒத்துழைச்சாங்க, சீக்கிரம் ஒத்துக்கிட்டாங்கன்னு காரணம் எழுதியிருக்கு. எவர்டன் ஃபேன்ஸ் ஒத்துக்குவாங்களா? லீக் பேர்லயே ஊழல்னு எழுதி அட்டை தூக்கிட்டு நின்னாங்க. இந்தப் பக்கம் மான்செஸ்டர் சிட்டி மேல 2023 பெப்ரவரில 115 குத்தச்சாட்டு போட்டாங்க, விசாரணை தொடங்கவே 2024 செப்டம்பர் ஆச்சு. சின்ன டீம் கேஸ் ஒரே சீசன்ல முடியுது, பெரிய டீம் கேஸ் வருசக்கணக்குல இழுக்குது, ஏன்னா பெரிய டீம்கிட்ட நல்ல வக்கீல் இருக்கு.

கொட்டகலை_கவர்டிரைவ்:
அதே எவர்டன் அப்பீல்ல 10ஐ 6 ஆக்கினாங்கதானே? எப்படி ஆக்கினாங்க, தீர்ப்ப வரி வரியா எடுத்து இந்த எடத்துல தப்புன்னு காட்ட முடிஞ்சது. ரெண்டு வரி அறிக்கைய வச்சு ஆம்ரே எத காட்டுவாரு? ஃபேன் கத்துறத நிப்பாட்ட முடியாது, அத நான் கேக்கல. தண்டனை வாங்கினவன் எதுத்துப் பேச ஒரு பிடி இருக்கணும்.

கொழும்புல_ஹட்டன்காரன்:
அது ஒத்துக்கிறேன். ஆனா அப்பீலுக்கு காசு வேணும், அது வேற கதை.

தலவாக்கலை_தூஸ்ரா:
நீங்கெல்லாம் தோனி கோலின்னு பேசுறீங்க, நம்ம முரளிக்கு நடந்தத மறந்துட்டீங்களா? 95 பாக்சிங் டே மெல்பர்ன்ல அம்பயர் ஹேர், பந்த எறியுறாருன்னு வரிசையா நோபால் குடுத்தது, 99 ஜனவரி அடிலெய்டுல இங்கிலாந்து மேட்ச்ல அம்பயர் எமர்சன் குடுத்தது. ரணதுங்க டீம எல்லைக் கோடு வரைக்கும் கூட்டிட்டு போயிட்டாரு. கண்டிப் பையனுக்காக கேப்டன் நின்ன நிலை இருக்கே, இப்ப நினைச்சாலும் சிலிர்க்கும். பாகுபாடுன்னா அதுதான் பாகுபாடு. அந்த மேட்ச்ல 303 துரத்தி ஒரு விக்கெட்ல ஜெயிச்சோம், மஹேல 120.

ஊவா_பொண்ணு:
தூஸ்ரா அண்ணே சிலிர்க்கட்டும், எனக்கும் சிலிர்க்கும். ஆனா கேக்குறேன்னு கோவிக்காதீங்க. ரணதுங்க பண்ணதும் பண்ட் பண்ணதும் ஒண்ணா இல்லையா? அம்பயர் முடிவு புடிக்கல, டீம வெளிய கூப்பிட்டாரு. ரணதுங்கவுக்கு ஃபீல 75 வீதம், ஆறு மேட்ச் தடை, ஆனா அதையும் நிறுத்தி வச்ச தடையா குடுத்தாங்க, ஒரு மேட்ச் கூட உக்காரல, விசாரணைக்கு வக்கீலோட போனாங்க. நம்ம ஆளு பண்ணா வீரம், டெல்லிக்காரன் பண்ணா ஒழுங்கீனமா? அன்னிக்கு இங்கிலாந்து ஃபேன்ஸ் நம்மள பாத்து என்ன சொல்லியிருப்பாங்கன்னு யோசிங்க.

தலவாக்கலை_தூஸ்ரா:
ஒண்ணு இல்ல தங்கச்சி. பண்ட் ஒரு பந்துக்காக கூப்பிட்டாரு. அங்க ஒரு மனுசனோட பொழப்பையே முடிக்கப் பாத்தாங்க. ரெண்டையும் ஒரே தராசுல வைக்காதீங்க.

ஊவா_பொண்ணு:
வித்தியாசம் இருக்கு, ஒத்துக்கிறேன். ஆனா அந்த வித்தியாசத்தயும் யாராச்சும் எழுதித்தானே வைக்கணும்? நம்ம மனசுக்கு தெரியுதுங்கிறது போதாது.

மஞ்சள்_மஸ்கெலியா:
முரளி பேச்சு வந்ததால எங்க டீமுக்கு பந்து போட்ட கண்டிப் பையன் பத்திரனவையும் இழுக்கப் போறாங்க, நானே சொல்லிடுறேன். 2023 குவாலிஃபயர்ல பத்திரன வெளிய போயிட்டு வந்ததால உடனே பந்து போட முடியாதுன்னு அம்பயர் சொல்ல, தல அம்பயர்களோட பேசிக்கிட்டே நேரத்த ஓட்டிட்டாரு. மேட்ச் நாலு நிமிசம் போல நின்னுச்சு. தண்டனை இல்ல. ரூல்ல இடம் இருந்துச்சு, பேசினாரு, அது மூளை 😎

கொட்டகலை_கவர்டிரைவ்:
அதையே அப்ப ராஜஸ்தான் கேப்டனா இருந்த சாம்சன் பண்ணியிருந்தா? 2024ல ஹோப் புடிச்ச கேட்ச்சுக்கு அம்பயர்கிட்ட நின்னு பேசினதுக்கு 30 வீதம் போட்டாங்களே.

மஞ்சள்_மஸ்கெலியா:
சாம்சன் அவுட்டாகியும் போகாம நின்னாரு. தல பந்து போட ஆள் இல்லாம நின்னாரு. வித்தியாசம் இருக்கு மச்சான்.

நானுஓயா_நாட்அவுட்:
எல்லா ஃபேனுக்கும் வித்தியாசம் இருக்கு மச்சான் 😂

யாழ்தேவி_பதுளை:
நம்ம லங்கா ப்ரீமியர் லீக், எல்பிஎல்ல பத்தி ஒருத்தரும் வாய் திறக்கல. அஞ்சு சீசன்ல நாலு கப் எடுத்த ஜப்னா டீம 2025ல தூக்கிட்டாங்க. ஏன்னு கேட்டா ஒப்பந்தக் கடமைகள நிறைவேத்தலயாம். தமிழ் பேர்ல ஒரு டீம் ஜெயிச்சா பொறுக்காதோ?

பொகவந்தலாவ_ஸ்கோரர்:
தம்பி நிதானம். அதே அறிவிப்புல கொழும்பு டீமையும் சேத்துத்தான் தூக்கினாங்க. 2024 மே மாசம் தம்புள்ளை ஓனர் கட்டுநாயக்கவுல கைதானப்ப உடனேயே அந்த ஒப்பந்தத்தயும் முடிச்சு வேற ஆளுக்கு குடுத்தாங்க. ஆக தமிழ்னு பாத்து பண்ணாங்கன்னு சொல்ல என்கிட்ட ஆதாரம் இல்ல. ஆனா இங்கயும் அதே நோய்தான், எந்தக் கடமை, எவ்வளவு பாக்கி, ஒண்ணும் வெளிய சொல்லல. சொல்லாத எடத்துல ஆளாளுக்கு ஒரு காரணம் நட்டு வளப்பாங்க, நீங்க தமிழ்னு சொல்றீங்க, கொழும்புக்காரன் வேற ஏதாச்சும் சொல்லுவான்.

மட்டுறுத்துநர்:
எல்பிஎல் பேச்சுக்கு தனி இழை இருக்கு, அங்க போங்க. இன வாதம் இங்க வேணாம்.

யாழ்தேவி_பதுளை:
கேள்வி கேட்டா இன வாதமா? சரி போறேன். இதுக்கும் என்ன ரூல்னு எழுதி வையுங்க 😏

நானுஓயா_நாட்அவுட்:
சீரியஸா ஒண்ணு கேக்குறேன். நம்ம பக்கம் மென்பந்து டூர்னமென்ட் ஒண்ணுல போன தீபாவளிக்கு எங்க டீம் பையன் அம்பயர பாத்து ஒரு வார்த்த விட்டுட்டான், தப்புத்தான். மேட்ச்ச பாதில நிப்பாட்டி எங்க டீமையே வெளிய அனுப்பிட்டாங்க. அடுத்த நாள் செமில ஏற்பாடு பண்ண டீம் ஆளு அதே அம்பயர் கையில இருந்த பந்து எண்ணுற கவுன்டர புடுங்கி எறிஞ்சான், கொழுந்து மலைக்குள்ள போய் விழுந்துச்சு, நாலு பேரு தேடி எடுத்தாங்க. அவனுக்கு கைகுடுத்து சமாதானம்! கமிட்டில கேட்டா "அவரு கோவக்காரர்தான், மனசு வெள்ள"ன்னு சொல்றாங்க. இந்த வருசம் எங்க தோட்டத்துல நாங்க நடத்துறோம். கொட்டகலை சொல்ற மாதிரி ரேட் எழுதி ஒட்டலாம்னு இருக்கேன். ஸ்கோரர் அண்ணே நீங்க எழுதிக் குடுங்க.

பொகவந்தலாவ_ஸ்கோரர்:
நீளமா வேணாம், ஒரு தாள்ல அடங்கணும். அம்பயர கெட்ட வார்த்த பேசினா அந்த மேட்ச்லருந்து ஆள் வெளிய, டீமுக்கு ஒண்ணும் இல்ல. கை வச்சா, சாமான எறிஞ்சா டூர்னமென்ட் முழுக்க வெளிய. வெளிய இருக்குற ஆளு உள்ள வந்தா அஞ்சு ரன் எதிர் டீமுக்கு. டீம வெளிய கூப்பிட்டா மேட்ச் எதிர் டீமுக்கு. டாஸ் போடுறதுக்கு முந்தி ரெண்டு கேப்டனும் கையெழுத்து. தண்டனை குடுக்குறது மேட்ச் ஆடாத மூணாவது டீம்லருந்து ரெண்டு பேர், ஏற்பாடு பண்ற டீம் ஆள் ஒருத்தரும் அதுல இருக்கக்கூடாது.

நானுஓயா_நாட்அவுட்:
கடைசி ரூல் மட்டும் எங்க செயலாளர் ஒத்துக்க மாட்டாரு. அவரு மச்சினன்தான் ஓப்பனிங் பவுலர்.

மஞ்சள்_மஸ்கெலியா:
வெளிய இருக்குற ஆள் உள்ள வந்தா 5 ரன்னா? அப்ப ஜெய்ப்பூர்ல ராஜஸ்தானுக்கு 5 ரன் குடுத்திருந்தா நாங்க தோத்திருப்போமே, கடைசி பந்துல சான்ட்னர் சிக்ஸ் அடிச்சுத்தானே ஜெயிச்சோம். இந்த ரூல நான் எதிர்க்கிறேன்.